கியர் பெட்டிக்குள் என் மனைவி

சனிக்கிழமை விடிந்தால் டயர் கடைச் சந்தில் கால் வைக்க இடம் இருக்காது. வேன், கார், குட்டி லாரி எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு வாரம் ஆம்புலன்ஸ்கூட நின்றது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டிக்கே நோய் வந்தால் அது எங்கே போகும்? தொட்டுச்சொல்லியாரிடம் வந்தது.

தொட்டுச்சொல்லியார் தொடுவார், சொல்வார். தொழில் அவ்வளவுதான். பானட்டைத் திறக்க மாட்டார். ஸ்பேனரைக் கையால் எடுக்க மாட்டார். வண்டி பார்க்கிறவர்களில் வெள்ளைச் சட்டை போட்டு அதை வெள்ளையாகவே வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவர் ஒருவர்தான். வலது உள்ளங்கையைப் பானட்டின்மேல் பதித்து, கண்ணை மூடி நிற்பார். கூட்டம் மூச்சுவிட மறந்த பிறகு கண்ணைத் திறந்து, உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்வார்.

ஆமாம், யார். என்ன கோளாறு என்று கேட்பவர்கள் மெக்கானிக்கிடம் போவார்கள். யார் என்று கேட்பவர்கள் இங்கே வருவார்கள்.

"பழைய ஓனர். வயசான ஆளு. வண்டிய விட்டுப் போக மனசு வரல," என்பார்.

கூட்டத்துக்குப் புல்லரிக்கும். பழைய வண்டிக்குப் பழைய ஓனர் ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு வயதாகியிருக்கும். வயதானவர்கள் ஒருநாள் இறந்திருப்பார்கள். இதற்கு உள்ளங்கை எதற்கு, காலண்டர் போதாதா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இன்னொன்றையும் யாரும் கவனிக்கவில்லை. அவரிடம் குணமான வண்டிகள் எல்லாமே ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள். பிரேக் பிடிக்காத வண்டி வந்தால், "இதுல யாரும் இல்ல, மெக்கானிக்கப் பாருங்க," என்று அனுப்பிவிடுவார். "என்ன நேர்மை பாத்தியா," என்று கூட்டம் அதற்கும் உருகும். கிளட்ச் உள்ள வண்டியில் ஆவிகள் ஏன் ஏறுவதில்லை? அவற்றுக்கு இடது காலில் வலி போலிருக்கிறது.

அந்த வரிசையில் நானும் நின்றேன். தாவரவியலில் பட்டம் வாங்கியவன். பட்டம் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அன்று அது என்னோடு வரவில்லை.

எங்களுக்கு ஒரு நாற்றுப் பண்ணை. நானும் மனைவியும் தொடங்கியது. இப்போது நானும் அத்தையும் நடத்துகிறோம். அத்தை என்றால் மனைவியின் அம்மா. மனைவி போன ஆண்டு ஒரு காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவள் வாங்கிய பிக்கப் இருக்கிறது. சாம்பல் நிறம், பழசு, ஆட்டோமேட்டிக். இடது கதவு உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கும். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுத் தட்டுகளை ஊர் முழுக்கக் கொண்டுபோவது அதில்தான். அது நின்றால் பண்ணையும் நிற்கும்.

ஒருநாள் ஆஸ்பத்திரி மேட்டில் அது சறுக்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். இன்னும் கத்தியது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். காலை எடுத்து மறுபடி மெதுவாக மிதித்தபோது, யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் ஒரு குலுங்கல். பிறகு ஏறியது.

எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்று இருப்பது ஒன்றுதான். அதன் தலையில் ஆஸ்பத்திரி. என் மனைவி இறந்த ஆஸ்பத்திரி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை. இங்க வந்ததும் நிக்கறா."

"நிக்குது அத்தை."

"நிக்கறா."

நான் பேச்சை விட்டுவிட்டேன். அத்தையோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. மாமா முயற்சி செய்து பார்த்துவிட்டு வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனோம். ஊரில் அவரை ஸ்பேனர் என்போம். நல்ல மனிதர். வாழ்நாள் முழுக்கக் கிளட்ச் வண்டிகளைப் பார்த்தவர். பானட்டைத் திறந்தார். இன்ஜினை நிறுத்தச் சொன்னார். கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் நீளக் குச்சியை உருவி, பேன்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் மூக்கின் முன்னால் நீட்டினார்.

"பாருங்க. ஃபுல்லு. ஆயில் இருக்கு. சத்தம் இல்ல. மெஷின்ல குறையே கிடையாது."

"அப்புறம் ஏன் சறுக்குது?"

ஸ்பேனர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தொட்டுச்சொல்லியார்ட்ட ஒரு தடவ காட்டிப் பாருங்களேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆவி என்று சொல்லவும் ஒரு வார்த்தைதான். இரண்டாவதைச் சொன்னால் மரியாதை குறைவதில்லை.

ஆக, சனிக்கிழமை, வரிசை.

வரிசையில் நிற்பவர்களுக்குத் தொட்டுச்சொல்லியாரின் மச்சான் டீ கொண்டுவந்து கொடுப்பார். டீ இலவசம். அவர் பேச்சும் இலவசம். "யாரு வீட்டு வண்டிம்மா? கண்ணெல்லாம் கலங்கியிருக்கே, என்னாச்சு?" என்று கேட்பார். ஒரு டம்ளர் டீயைக் கொடுத்துவிட்டு ஒரு குடும்பத்தின் கதையை வாங்கிக்கொண்டு போவார். அத்தை இரண்டு டம்ளர் குடித்தார்.

எங்கள் முறை வந்தது. உள்ளங்கை பானட்டில் பதிந்தது.

"பொண்ணு," என்றார் தொட்டுச்சொல்லியார். "சின்ன வயசு. உடம்பு அனலாக் கொதிக்குது. மேட்டு மேல ஒரு பெரிய கட்டடம் தெரியுது."

அத்தை என் கையைக் கிள்ளினார். "எப்படித் தெரிஞ்சுது இவருக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க. டீ குடிக்கறப்ப."

"அது மச்சான்கிட்ட. இவர்கிட்ட சொன்னேனா?"

அடுத்தது மௌன நேரம். பெயர்தான் மௌனம். பானட்டைத் திறந்து, வண்டியின் முன்பாதியைச் சுவர் வரைக்கும் ஒரு கறுப்புத் துணியால் மூடுவார்கள். எல்லோரும் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஆவி பார்த்தவர்மேல் ஏறிவிடும். இத்தனை பெரிய மனிதர்கள், கையில் கார் சாவியோடு, தேனீக் கூட்டம் மாதிரி முனகியதை நான் கேட்டேன். நானும் முனகினேன். எனக்குச் சுருதி சேரவில்லை.

முனகல் முடிந்தது. துணி விலகியது. கடைக்குப் பின்னால் சிமென்ட் சரிவு ஒன்று உண்டு, மேலே ஒரு கொட்டகைக்குப் போவது. வண்டியை அதில் ஏற்றச் சொன்னார். ஏறியது. சறுக்கவில்லை, உதறவில்லை. கூட்டம் கை தட்டியது.

அடுத்த நாட்களில் அத்தை வேறு ஆளாக இருந்தார். வண்டியில் ஏறியதும் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுப்பார். "மிளகா நாத்து நல்லா வந்திருக்குடி. உன் புருஷன்தான் தண்ணிய அளவா ஊத்த மாட்டேங்கறாரு," என்று புகார் சொல்வார். நான் கதவை ஓங்கிச் சாத்தினால், "மெதுவா, மெதுவா. அவளுக்கு வலிக்கும்," என்பார். சிரித்தார்கூட. அத்தை சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் சிரிப்பைக் கொண்டுவந்த ஆவியை விரட்ட எனக்கு அவசரம் இல்லை.

ஆனால் வண்டி மறுபடி சறுக்கியது. அதே மேடு.

மறுபடி சனிக்கிழமை, மறுபடி டீ. இந்தத் தடவை அத்தை மச்சானிடம் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் வந்த முதல் நாள் மகளிடம் தான் சொன்னது. அதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

தொட்டுச்சொல்லியார் பானட்டைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டார். சுட்டது போல.

"கோவமா இருக்கா. 'ஒண்ணுமில்ல, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு அம்மா சொன்னாங்க. தூங்கினேன்'னு சொல்றா."

அத்தை அப்படியே நின்றார். கையில் இருந்த டம்ளர் சாய்ந்து டீ முழுதும் செருப்பில் கொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

"அவ அமைதியாகணும்னா வண்டி எங்ககிட்ட தங்கணும்," என்றார் தொட்டுச்சொல்லியார், கனிவாக. "அடுத்த சனி கொண்டுவாங்க. மௌன நேரம் வைப்போம். அதுக்கப்புறம் வண்டி மேல இருக்கிற கொட்டகைக்கு ஏறிச்சுன்னா, போறதுக்கு அவ சம்மதிச்சுட்டானு அர்த்தம். சாவிய வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போயிடணும்."

மேல் கொட்டகைக்கு ஏற்கெனவே சம்மதித்துப் போன வண்டிகள் பல. அவை கொஞ்ச நாளில் வேறு பெயின்டில் வேறு ஊர் சந்தையில் தலைகாட்டும். இதுவும் ஒரு மறுபிறவிதான்.

அன்று வீட்டில் அத்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அத்தை பேசாத வீடு என்றால் கொதிநீர்ப் பானையின் மூடி அசையாமல் இருக்கிற மாதிரி. நான் திறந்து பார்க்கவே பயந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கொன்னுட்டேன்," என்று மட்டும் ஒருதடவை சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பல மாதங்களில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா சொன்னால் தூங்கினாளாம். என் மனைவி அம்மா சொன்ன எதையும் வாழ்நாளில் கேட்டதில்லை. தூங்கு என்று சொல்லியிருந்தால் எழுந்து உட்கார்ந்து விதைப் பொட்டலம் பிரித்திருப்பாள். அந்த வெள்ளைச் சட்டை, இறந்தவளின் குணத்தைக்கூட ஒழுங்காகத் திருடவில்லை.

மறுநாள் காலை வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒரு செடி வாடினால் நாங்கள் ஆவியைத் தேட மாட்டோம். மண்ணைப் பார்ப்போம். பார்த்தேன். வண்டியின் முன்பக்கத்துக்கு நேர் கீழே ஒரு கை அகலத்துக்குப் புல் கருகியிருந்தது. விரலால் தொட்டேன். சிவப்பு. பிசுபிசுப்பு. முகர்ந்தால் தீய்ந்த வாடை.

கியர் எண்ணெய் சிவப்பாகத்தான் இருக்கும். ஆக, ஒழுகுகிறது. ஒழுகினால் குறைய வேண்டும். குச்சியோ ஃபுல் என்கிறது. குச்சியை உருவினேன், துடைத்தேன். அப்போதுதான் அதன் தட்டையான பக்கத்தில் பொடி எழுத்துகள் பொறித்திருப்பது தெரிந்தது. 'சூடாக இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கவும்.'

இந்தக் குச்சியை ஸ்பேனர் துடைத்தார். நான் துடைத்தேன். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்களும் துடைத்திருப்பார்கள். எல்லோரும் துடைத்தோம். ஒருவரும் படிக்கவில்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை ஓடவிட்டே குச்சியை எடுத்தேன். நுனியில் ஈரம்கூட இல்லை. நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து எடுத்தேன். ஃபுல்.

விஷயம் இவ்வளவுதான். இன்ஜின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை உறிஞ்சி மேலே சுற்றவிடும். அந்த எண்ணெயின் அழுத்தத்தில்தான் உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றையொன்று கவ்வி வண்டியை இழுக்கும். இன்ஜினை நிறுத்தினால் மேலே போனதெல்லாம் கீழே தட்டுக்கு இறங்கிவிடும். அப்போது குச்சியை விட்டால் பாதி எண்ணெயும் முழுதாகத் தெரியும். பாதி எண்ணெயோடு தட்டையான சாலையில் ஓட்டலாம். மேட்டில் வண்டி சாய்ந்ததும் இருக்கிற எண்ணெய் பின்னால் ஒதுங்கிவிடும். பம்பு காற்றை உறிஞ்சும். தகடு கவ்வாது. இன்ஜின் கத்தும். பக்கத்தில் இருப்பவர், 'நிக்கறா' என்பார்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அத்தையின் முகப்பவுடரை எடுத்துக்கொண்டேன். வண்டிக்கு அடியில் படுத்து, குழாய்களைத் துடைத்து, பவுடரை ஊதினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டபோது, எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் இணைப்பில் மட்டும் வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு இறங்கியது.

வெளியே வந்தால் அத்தை நின்றுகொண்டிருந்தார். என் தலையெல்லாம் பவுடர்.

"அந்த டப்பா நான் பூட்டி வச்சதாச்சே," என்றார். இரண்டு நாளில் அவர் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம்.

எல்லாவற்றையும் காட்டினேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

"நீங்க படிச்சவரு. எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருப்பீங்க. எண்ணெதான்னா, ஏன் ஆஸ்பத்திரி மேட்டுல மட்டும் நிக்கணும்?"

"ஊர்ல வேற மேடு எங்க அத்தை இருக்கு?"

யோசித்தார். வேறு மேட்டைத் தேடி மனதுக்குள் ஊரைச் சுற்றிவந்தார் என்று முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை.

"அவரு கைய வச்சதும் எப்படி ஏறிச்சு?"

"கறுப்புத் துணிக்குள்ள என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியாதே. நாம முதுகக் காட்டிட்டு முனகிட்டு இருந்தோம்."

அத்தை கருகிய புல்லைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஒண்ணு செய்வோம். இன்னையிலருந்து வண்டிச் சாவி உங்ககிட்ட. நான் ஒரு சொட்டு எண்ணெய் ஊத்த மாட்டேன். சனிக்கிழமை மௌன நேரத்துல நீங்க இந்தக் குச்சியோட வளையத்தைப் பிடிச்சுட்டு நில்லுங்க. விடாதீங்க. எண்ணெய் ஊத்தணும்னா குச்சிய எடுத்துட்டு அந்தக் குழாய் வழியாத்தான் ஊத்தணும், வேற வழி இல்ல. நீங்க விடாம பிடிச்சும் வண்டி மேல ஏறிச்சுன்னா உள்ள அவதான் இருக்கா. வண்டிய நானே குடுத்துடறேன்."

"வாக்கு மாற மாட்டீங்களே."

"மாற மாட்டேன்."

அத்தை சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை. அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஒரு தாய் மகளை வழியனுப்புகிறாள் என்று மச்சான் வாரம் முழுக்க விளம்பரம் செய்திருந்தார். ஸ்பேனர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சுவரின் மேலெல்லாம் ஆட்கள். பானட்டைத் திறந்தார்கள். துணியை எடுத்தார்கள். அத்தை முன்னால் போனார்.

"ஐயா, ஒரு வேண்டுதல். என் பொண்ணு போறப்ப நான் அவ கையப் பிடிச்சுக்கணும்." குச்சியின் வளையத்தைப் பற்றிக்கொண்டார். "இதான் அவ கை."

தொட்டுச்சொல்லியாரின் முகத்தில் முதல்முறையாக ஒரு மனிதன் தெரிந்தான்.

"வேண்டாம்மா. அங்க சுடும்."

"சுடட்டும்."

"மௌன நேரத்துல யாரும் பக்கத்துல இருக்கக்கூடாதும்மா."

"ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு வெளிய நிக்க வச்சாங்க. கையப் பிடிக்க விடல. இங்கயாவது விடுங்க."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். "விடுங்க ஐயா, பெத்தவங்க," என்றது ஒரு குரல். "பாவம்யா, விடு," என்றது இன்னொன்று. தான் வளர்த்த கூட்டம். அவரால் என்ன செய்ய முடியும்? தலையாட்டினார்.

துணி அத்தையையும் சேர்த்து மூடியது. எல்லோரும் திரும்பிக்கொண்டோம். முனகல் தொடங்கியது. வழக்கமாக அது கொஞ்ச நேரம் போகும். அன்று பாதியிலேயே துணிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. முனகல் ஒவ்வொரு வாயாக நின்றது. நின்ற வாய்களுக்குப் பக்கத்தில் காதுகள் இருந்தன.

"அம்மா, கைய எடுங்க," என்றது மச்சானின் குரல்.

"எதுக்கு?"

"வழி விடணும்மா."

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான்."

"அவளுக்கு எதுக்குடா புனலு?"

துணி ஒரு பக்கமாக இழுபட்டு விழுந்தது. திரும்பினால் ஆவி ஏறும் என்பதை மறந்து எல்லோரும் திரும்பினார்கள். பானட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் வாய் நீண்ட புனல். இன்னொரு கையில் சிவப்பு எண்ணெய் கேன். அத்தை குச்சியை ஒரு கையாலும் மச்சானின் காலரை மறு கையாலும் பிடித்திருந்தார். கேனைப் பறிக்கப் பாய்ந்த தொட்டுச்சொல்லியாரின் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் சிதறியது. அன்றுதான் அவர் தொழில் செய்தவர் மாதிரி இருந்தார்.

ஆனாலும் மனிதர் லேசில் விழவில்லை.

"அது சாந்தி எண்ணெய்," என்றார். "கோவத்துல இருக்கிற ஆவியக் குளிர வைக்கிறது."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டத்தில் பாதி தலையாட்டியது. "குளிர வைக்கணும்ல," என்றார் ஒரு வேன்காரர், பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம் சொல்லும் குரலில்.

நான் முன்னால் போனேன். "சரி. இந்தத் தடவ எண்ணெய் வேண்டாம். கைய மட்டும் வைங்க. வண்டி ஏறட்டும், சாவிய வாங்கிக்குங்க."

மறுக்க வழியில்லை. கை வைத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் வைத்தார். நான் ஓட்டினேன். சரிவின் அடியில் இன்ஜின் கத்தியது. வண்டி கால்வாசி ஏறி, நின்று, மெதுவாகப் பின்னால் உருண்டு வந்தது.

"இப்ப யாரும் கை வைக்காதீங்க. முனகவும் வேண்டாம்," என்றேன். "அத்தை, குச்சிய எடுங்க. இன்ஜின் ஓடிட்டே இருக்கட்டும்."

அத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். காய்ந்து கிடந்தது. ஸ்பேனர் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஓடறப்பவா பாக்கணும்?" என்றார்.

அத்தை புனலைச் செருகி, மச்சானின் கேனிலிருந்தே ஊற்றினார். ரசம் தாளிக்கிற கவனத்தோடு நிறுத்தி நிறுத்தி ஊற்றினார், குச்சியை விட்டு விட்டுப் பார்த்தார். போதும் என்றதும் நான் கியரைப் போட்டேன். பிக்கப் ஒரு முனகல் இல்லாமல் சரிவில் ஏறி, கொட்டகைக் கதவை முட்டுகிற தூரத்தில் நின்றது.

கை தட்டல் இல்லை. தாங்கள் ஏமாந்ததற்குக் கை தட்டும் அளவுக்கு அந்தக் கூட்டம் இன்னும் பக்குவப்படவில்லை.

வேன்காரர் தொட்டுச்சொல்லியாரிடம் போனார். "அப்ப என் வண்டியில எங்க சித்தப்பா இல்லையா?"

பதில் நான் சொன்னேன். "சித்தப்பா இல்ல. எண்ணெயும் இல்ல."

"உனக்கு இதெல்லாம் எப்படிய்யா தெரியும்?" என்று ஸ்பேனர் தொட்டுச்சொல்லியாரைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியம்.

தொட்டுச்சொல்லியார் நிமிர்ந்தார். தொழில் கர்வம் ஆளை விடுமா? "பெரிய ஊர்ல பாதி ஆயுசு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பிரிச்சவன் நான்."

"அந்த வேலையையே இங்க பாத்திருக்கலாமே."

"பாத்தேன். வந்த புதுசுல பாத்தேன். ஹோஸ் மாத்தணும்னா எல்லாரும் பேரம் பேசினீங்க. நாலு கடை விசாரிச்சீங்க. நெஜமாவே மாத்தினியான்னு குனிஞ்சு பாத்தீங்க. ஆவிய ஓட்டறேன்னேன். ஒருத்தர் குனியல."

அவர் அந்தச் சந்தில் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சட்டையோடு, மச்சானை இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். மேல் கொட்டகையில் நின்ற வண்டிகளின் சொந்தக்காரர்கள் விரட்டிக்கொண்டு ஓடினார்கள். அதில் பாதிப் பேர் செருப்பைக் கையில் எடுத்திருந்தார்கள்.

நான் வண்டியைக் கீழே இறக்கினேன். அத்தை ஏறி உட்கார்ந்தார். கையெல்லாம் சிவப்பு. முந்தானையில் துடைக்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"அப்ப அவ கோவமா இல்ல."

"இல்ல அத்தை. எண்ணெய்தான் இல்ல."

"உள்ளயும் இல்ல."

இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"இல்ல அத்தை."

அத்தை கையை முந்தானையில் துடைத்தார். பிறகு, "தூங்குன்னு சொன்னேன். அவ எங்க தூங்கினா. மொட்டை மாடியில விதை காயப் போட்டுட்டு இருந்தா. ரெண்டு தடவ திட்டினேன்," என்றார். சொல்லிவிட்டு அழுதார், நடுவில் சிரித்தார், மூக்கைச் சிந்தினார். "அந்த நாசமாப் போறவன் அவளப் பத்தி ஒண்ணுமே தெரியாம பேசியிருக்கான். எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

வண்டியைக் கிளப்பினேன்.

ஹோஸை மறுநாளே மாற்றினோம். ஸ்பேனரும் நானும் சேர்ந்துதான் மாற்றினோம். கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினோம். உள்ளே ஒரு காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு ஒட்டியிருந்தது. அது தேய்மானம், பழைய வண்டிக்கு இயல்பு. இரும்புத் துண்டுகள் இல்லை. தகடுகள் பிழைத்துவிட்டன. வடிகட்டியையும் கேஸ்கட்டையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு அளவு பார்த்தோம். ஸ்பேனர் குச்சியைத் துடைக்கும் முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். ஆஸ்பத்திரி மேட்டில் நாற்றுச் சுமையோடு ஏறினோம். அத்தை ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டி அதைப் பார்க்கவில்லை, அதன் பாட்டுக்கு ஏறியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பண்ணைக் கதவைத் திறந்தேன். வெளியே வரிசை. வேன், கார், குட்டி லாரி. முன்னால் சித்தப்பா இல்லாத வேன்காரர், கையில் பழத்தட்டு.

"அம்மா இருக்காங்களா?"

அத்தை தண்ணீர்க் குழாயோடு வந்தார்.

"அம்மா, நீங்கதான் ஒருதடவ கை வச்சுப் பாத்துச் சொல்லணும்," என்றார் வேன்காரர் பவ்யமாக. "அந்த ஆளு ஃபிராடு. உங்க கைதான் ராசியான கை. அன்னைக்கு எல்லாரும் பாத்தோமே, நீங்க பிடிச்சதும் எல்லாம் வெளிய வந்துச்சு."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒருவர் முனகத் தொடங்கிவிட்டார், முன்கூட்டியே.

அத்தை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குழாயை அணைத்தார்.

"குச்சிய நிறுத்தி வச்சுப் பாத்தா ஃபுல்லாத்தான் தெரியும்னு அன்னைக்கு அவ்வளவு நேரம் காட்டினோம். உங்க தலையையும் அப்படித்தானேய்யா பாத்துட்டு இருக்கீங்க. நிறுத்தியே வச்சிருக்கீங்க, அதான் ஃபுல்லாத் தெரியுது. வீட்டுக்குப் போயி ஓடவிட்டுப் பாருங்க, எவ்வளவு இருக்குன்னு."

வேன்காரர் பழத்தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல், தூக்கவும் முடியாமல் நின்றார். பிறகு குனிந்தார். தன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.